கொங்காவும் தப்பும்

எழுத்தாளன் ஒருவன் மறைந்துவிட்டால் அவனுக்கு அஞ்சலி செலுத்துவது நமக்குப் பழகிய காரியம். கூட்டம் கூடுகிறோம், படத்துக்கு மாலையிடுகிறோம், நாலு பேர் பேசுகிறார்கள், நினைவு மலர் ஒன்றும் வெளியாகிறது. மேளக்காரன் மேளக்காரனுக்குச் செலுத்தும் அஞ்சலி இத்தகையதன்று. அவன் பேசுவதில்லை. தான் மதித்தவனின் கைவழியைத் தன் கையில் ஏற்றுக்கொண்டு, அவன் அடித்த அடியை அடித்துக் காட்டுகிறான். பின்னர், அந்த அடியிலிருந்து தான் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான் என்பதையும் காட்டுகிறான். நமது கச்சேரி மேடைகளிலும் இவ்வழக்கம் உண்டு. தனி ஆவர்த்தனத்தின் நடுவே ஏதோ ஒரு சொற்கட்டு விழும்போது, விவரமறிந்த கிழவர் ஒருவர் தொடையில் தட்டி, அது எந்தப் பெரியவரின் வழி என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வார். மேடையில் எவர் பெயரும் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் அஞ்சலி நடந்து முடிந்துவிட்டது.

இவ்விஷயத்தைப் பற்றி நான் சிந்திக்க நேர்ந்தது கொட்டாஞ்சேனை இளைஞன் ஒருவனால். ஒரு காலத்தில் அவன் என்னிடம் படித்தவன். இப்பொழுது பகலில் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் களஞ்சியம் ஒன்றில் மூட்டைக் கணக்கு எழுதுகிறான். சனி, ஞாயிறு இரவுகளில் வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களிலே இசைக்குழு ஒன்றுடன் சேர்ந்து கொங்கா வாசிக்கிறான். கொங்கா என்பது இடுப்புயரம் நிற்கும் நீண்ட மேளம். பீப்பாய் செய்வது போலப் பலகைச் சலாகைகளை வளைத்து இணைத்து, மேல்வாயில் தோல் கட்டியது. குச்சியின்றி வெறுங்கையால் அடிப்பது. நம் கலியாண வீடுகளில் பைலாப் பாட்டுத் தொடங்கியதும் கிழவர் முதல் குழந்தைவரை காலெடுத்து ஆட வைப்பது பெரும்பாலும் இந்த மேளந்தான். அதை அடிப்பவனின் முகத்தை மட்டும் நாம் பார்ப்பதில்லை.

ஒரு நாள் அவன் என் வீட்டுக்கு வந்து, தன் கைத்தொலைபேசியில் இசைத்தொகுப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினான். பொன்ச்சோ சான்செஸ் என்னும் கொங்காக் கலைஞர், ட்றம்பெட் வாசிப்பவரான டெரன்ஸ் பிளான்சார்டுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ‘சானோ ஈ டிஸி’ என்பது அது. சானோ போசோ என்ற கியூப மேளக்காரருக்கும், டிஸி கில்லெஸ்பி என்ற அமெரிக்க ஜாஸ் மேதைக்கும் செலுத்திய அஞ்சலி. “சேர், இந்த சானோ யாருன்னு பாருங்க. எங்க லயத்துல பொறந்திருக்க வேண்டிய ஆளு” என்றான். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பின்னர் சானோவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

லூசியானோ போசோ 1915-இல் ஹவானா நகரில், கறுப்பின ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த முடுக்கு வீடுகளுக்கிடையே பிறந்தார். கியூபாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1886-இல். ஆகவே அவருடைய சுற்றத்தில், அடிமைகளாய் இருந்தவர்களின் பேச்சும் பாட்டும் இன்னும் உயிரோடு இருந்தன. பத்திரிகை விற்றும், சப்பாத்துக்கு மை பூசியும் வயிறு வளர்த்த அந்தச் சிறுவனுக்குப் பாடசாலைக் கல்வி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அவனுக்கு வாய்த்த கல்வி மேளம். கலபாரிலிருந்தும் கொங்கோவிலிருந்தும் யொருபா நாட்டிலிருந்தும் கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்ட மக்கள், தம் உடைமைகள் அனைத்தையும் பறிகொடுத்த பின்னும் பறிகொடாத ஒன்று அது. கைகளை விலங்கிட்டவர்களால் கைகளின் நினைவை விலங்கிட முடியவில்லை.

அந்த நினைவுக்கு ஆண்டைகள் அஞ்சினர் என்பதற்கு வரலாற்றிலே சான்றுண்டு. வட அமெரிக்காவின் தென் கரோலைனாக் குடியேற்றத்தில் 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, அடிமைகள் மேளம் வைத்திருப்பதையும் கொம்பூதுவதையும் தடைசெய்து சட்டமியற்றினர். மேளம் பேசுகிறது என்பது ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது. கியூபாவில் தடை அத்தனை முழுமையாக இருக்கவில்லை. ஆயினும் அங்கேயும் கறுப்பின மக்களின் வீதி ஊர்வலங்களும் மேளங்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல முறை பொலிஸ் தடைக்கு உள்ளாயின.

இந்தச் சூழலிலிருந்து புறப்பட்ட சானோ, ஊர்வலப் பாட்டுக்களை இயற்றிப் புகழ் பெற்றார். புகழ் வந்தது, பணம் வேறு பைகளுக்குப் போயிற்று. தன் பாடல்களுக்குரிய உரிமைப் பணத்தைக் கேட்டு வழக்காடப் போனபோது அவர் சுடப்பட்டார். உயிர் பிழைத்தாலும், ஒரு குண்டு அவர் உடலிலேயே தங்கிவிட்டது. கூலியைக் கேட்பவனுக்குக் குண்டு பரிசளிக்கப்படுவது நாம் அறியாத கதையா? 1940-களின் நடுவில் அவர் நியூயோர்க் சென்றார். அங்கே, தன் இசைக்குழுவில் கியூப மேளம் ஒன்றைச் சேர்க்க விரும்பியிருந்த டிஸி கில்லெஸ்பியைச் சந்தித்தார். ஒருவரின் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும் 1947 செப்டெம்பர் 29-ஆம் திகதி கார்னகி மண்டபத்தில், ஹவானாவின் முடுக்கு மேளம் அமெரிக்க ஜாஸுடன் இணைந்து ஒலித்தது. அவ்வாண்டு டிசெம்பர் இறுதியில் இருவரும் ‘மாந்தேக்கா’ என்ற பாட்டைப் பதிவு செய்தனர். அச்சொல்லுக்குக் கொழுப்பு என்று பொருள். இன்று ‘லத்தீன் ஜாஸ்’ என்று சொல்லப்படும் இசைவகைக்கு அந்தப் பதிவு ஒரு தொடக்கக் கல்.

மறு ஆண்டு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே சுற்றுப்பயணம் செய்தபோது சானோவின் மேளங்கள் களவு போயின. நியூயோர்க் திரும்பிய அவர், 1948 டிசெம்பர் முற்பகுதியில், ஹார்லெமின் மதுக்கடை ஒன்றில் அற்பத் தகராறு ஒன்றின்பேரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 33.

அதே 1948-இல் தான், நமது நாட்டின் மலைகளிலே தேயிலைக்கு உழைத்த இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர், குடியுரிமைச் சட்டம் என்னும் ஒரு காகிதத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். இந்த ஒற்றுமையைக் காட்டி நான் எதையும் நிறுவ முயலவில்லை. அந்த இளைஞனின் பாட்டனார் அவ்வாண்டு பத்து வயதுப் பையனாய் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே தப்புக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தார் என்பதால் அது என் மனதில் தங்கிவிட்டது.

சானோ இறந்தபின் அவர் கைவழி அழிந்துவிடவில்லை. ஹவானாவில் தபாற்காரராக வேலை பார்த்த மொங்கோ சாந்தமாரியா என்பவரும் நியூயோர்க் வந்து சேர்ந்தார். 1959-இல் ‘அஃப்ரோ புளூ’ என்ற தம் பாட்டைப் பதிவு செய்தார். அதைப் பிற்பாடு ஜோன் கொல்ட்றேன் போன்ற மேதைகள் எடுத்து வாசித்தனர். மொங்கோவின் இசைத்தட்டுக்களைக் கேட்டுக் கேட்டே கொங்கா பழகியவர் பொன்ச்சோ சான்செஸ். அவர் கியூபர் அல்லர்; கறுப்பினத்தவரும் அல்லர். மெக்சிக்க வம்சாவளிக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. டெக்சாசில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 1975 முதல், கால் ஜேடர் என்ற இசைஞர் 1982-இல் மறையும்வரை, அவர் குழுவிலே வாசித்தார். 1996-இல் தமது ‘கொங்கா புளூ’ தொகுப்பிலே முதிய மொங்கோவையே அழைத்துவந்து பக்கத்தில் அமர்த்தி வாசித்தார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் பின் வந்ததே, இளைஞன் எனக்குக் கேட்பித்த தொகுப்பு. ஓர் இனத்தின் துயரத்தில் பிறந்த அடியை இன்னோர் இனத்தின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை தன் கையால் ஏற்று நடத்துகிறான். பண்பாட்டுத் தூய்மை பேசுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இந்த இசையின் உள்ளிருக்கும் கணக்கை இளைஞன் எனக்கு மேசையில் தட்டியே விளக்கினான். பதினாறு மாத்திரைகள், அவற்றில் ஐந்தே அடிகள். முதல் அடிக்கும் இரண்டாவதுக்கும் இடையே மூன்று மாத்திரை, பின் மூன்று, பின் நான்கு, பின் இரண்டு, ஐந்தாவதிலிருந்து மீண்டும் முதலடிக்கு வர நான்கு. இதைக் ‘கிளாவே’ என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் திறவுகோல் என்று அதற்குப் பொருளுண்டு. இரண்டு கட்டைகளைத் தட்டியே இந்த ஐந்தடியை ஒருவன் காத்துக்கொண்டிருப்பான். மற்றெல்லா மேளங்களும், பித்தளை வாத்தியங்களும், பாடுகுரலும் அதற்குக் கட்டுப்பட்டே நடக்கும். தாளம் போடுபவனை மூலையில் உட்கார வைக்கும் நம் வழக்கத்துக்கு இது நேர்மாறு. கட்டை தட்டுபவன் தவறினால் மேடையே தவறும்.

இது எங்கோ கடலுக்கப்பாலுள்ள சங்கதி, நமக்கென்ன என்று கேட்பவர் இருக்கக்கூடும். கொழும்பிலே வாழ்பவன் அப்படிக் கேட்க உரிமையற்றவன். நமது கலியாண வீடுகளில் ஒலிக்கும் பைலாவை எண்ணிப் பாருங்கள். அதன் பெயர் போர்த்துக்கேயச் சொல். அதன் துள்ளலிலோ போர்த்துக்கேயரும் பின்வந்த ஆட்சியாளரும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படையாட்களாகவும் இங்கே கொண்டுவந்த மக்களின் கால்நடை இருக்கிறது. அவர்களுடைய சந்ததியார் இன்றும் புத்தளத்துக்கருகே சிறாம்பியடியில் வாழ்கின்றனர். தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் ரபானும் கொண்டு தம் பழைய பாட்டுக்களைப் பாடுகின்றனர். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்டியன் அந்தச் சந்தத்தைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஏ. ஈ. மனோகரன் போன்றோர் அதைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுவந்தனர். ஆக, ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கியூபாவுக்கும் கிழக்குக் கரையிலிருந்து இலங்கைக்கும் ஒரே கொடுமை இரு வேறு கப்பல்களில் பயணம் செய்தது. வெள்ளவத்தை மண்டபத்தில் கொங்கா அடிக்கும் பையன் அந்நிய நாகரிகத்தைப் பின்பற்றுகிறான் என்பது, தன் வீதியின் வரலாற்றையே அறியாதவர் பேச்சு.

ஜாஸ் இசையே கொழும்புக்கு நேரில் வந்ததுமுண்டு. 1958-இல் டேவ் புரூபெக்கின் குழுவினரும், 1963-இல் டியூக் எலிங்டனின் குழுவினரும் அமெரிக்க அரசாங்கத்தின் செலவில் ஆசிய நாடுகளைச் சுற்றியபோது இலங்கைக்கும் வந்தனர். தன் நாட்டிலே கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை முழுமையாகக் கொடாத ஓர் அரசு, அவர்களுடைய இசையைத் தன் ஜனநாயகத்துக்கு விளம்பரமாக அனுப்பி வைத்தது. அந்த நோக்கத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அனுப்பியவரின் நோக்கத்துக்கும் வந்தவர்களின் கலைக்கும் இடையே உள்ள வேற்றுமையையும் மறக்கக்கூடாது. புரூபெக் குழுவின் மேளக்காரரான ஜோ மொரெல்லோ, அதே 1958-ஆம் ஆண்டுப் பயணத்தில், சென்னை வானொலி நிலையத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்துக்கு எதிரே அமர்ந்து வாசித்தார். அமைச்சுக்கள் போட்ட திட்டத்தில் அடங்காத சந்திப்பு அது.

அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின், 1991-இல், மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்கர் ‘பிளானட் டிரம்’ என்ற தொகுப்புக்காகப் பல நாட்டு மேளக்காரரை ஒன்று கூட்டினார். அங்கே தமிழ்நாட்டின் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமும், போட்டோ ரீக்கோவின் கொங்காக் கலைஞர் ஜியோவானி ஹிடால்கோவும் ஒன்றாக வாசித்தனர். உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமி விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது இத்தொகுப்பே. மானாமதுரைக் குயவர் தட்டிச் செய்த மண்பானையும் ஹவானா அடிமைகளின் பீப்பாய் மேளமும் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறுவதை அதிலே கேட்கலாம்.

இவற்றையெல்லாம் நான் அவனுக்குச் சொல்லச் சொல்ல, இளைஞனின் மனதில் வேறொரு திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் சிலர் நடத்தும் வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டம் மார்கழி மாதத்தில் நடைபெறுவது வழக்கம். சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்தில், சானோ இறந்த மாதமாகையால், அவருக்குத் தன் கையால் அஞ்சலி செலுத்த வேண்டுமென்றான். எல்லோரும் மகிழ்ந்து சம்மதித்தோம். பின்னர் அவன், “கொங்காவோட தாத்தாவோட தப்பையும் எடுத்துட்டு வாரேன் சேர்” என்றான். அந்த இடத்திலேதான் பிணக்குத் தொடங்கியது.

தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டமான மரச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, தீயிலே காய்ச்சி, இரு குச்சிகளால் அடிப்பது. மலையகத்தில் சாவுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி உண்டு. இவற்றோடு, துரைமார் சேர்த்துவிட்ட அடி ஒன்றும் உண்டு. அதிகாலையில் லயங்களைச் சுற்றி அடித்துத் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கும் பிரட்டுத் தப்பு. தென் கரோலைனாவின் ஆண்டைகள் அடிமைகளின் மேளத்தைத் தடைசெய்தார்கள். இலங்கைத் தோட்டத்துத் துரைமார் அதைத் தடைசெய்யவில்லை. வேலைக்கு மணியடிக்க அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். தன் தெய்வத்தை ஆட வைத்த அதே கையால், தன் மனைவி மக்களைக் குளிரிலே எழுப்பி மலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது தப்புக்காரனுக்கு. இளைஞனின் பாட்டனார் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர். 1970-களின் பஞ்சத்தில் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டுக் கொழும்புக்கு வந்தபோது, சட்டி பானைகளோடு தப்பையும் தூக்கி வந்தார். கொட்டாஞ்சேனையில் அதை அவர் வெளியே எடுத்ததேயில்லை. எடுத்தால் இன்ன சாதி என்று அயலார் அறிந்துகொள்வர் என்ற அச்சம்.

எங்கள் வட்டத்தில் முதலில் எழுந்த எதிர்ப்பு எதிர்பார்த்ததே. “அது சாவுமேளம், விளக்கேற்றித் தொடங்கும் மேடையில் வேண்டாம்” என்றார் ஒருவர். இந்த எதிர்ப்புக்கு விடை கூறுவது கடினமன்று. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும்போது தவில் முன்னே செல்கிறது. தவிலிலும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இருக்கின்றன. தோலிலே தீட்டு இல்லையென்றால், தீட்டு எங்கேயிருக்கிறது? அதை அடிக்கப் பிறந்தவன் என்று நாம் முத்திரை குத்தியவனிடத்தில் இருப்பதாக நம்புகிறோம். இதைச் சொன்னதும் அவர் வாயடைத்துப் போனார்.

இரண்டாவது எதிர்ப்பு என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வட்டத்திலே யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியர். 1966-இலும் 1968-இலும் சாதிக் கொடுமைக்கெதிராக வடபகுதியில் எழுந்த போராட்டங்களில் இளைஞராய் நின்றவர். அவர் சொன்னார்: “பறையைக் கீழை வைக்கிறதுக்காக எங்கடை ஆக்கள் அடி வாங்கினவை. சாவீட்டுக்கு அடிக்கமாட்டம் எண்டு சொன்னதுக்குக் குடிசையளைக் கொளுத்தினவங்கள். அவ்வளவு பாடுபட்டுக் கீழை வைச்சதை நீங்கள் கலையெண்டு சொல்லித் திரும்ப எடுத்துக் கையிலை குடுக்கிறியளோ?”

இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நகரத்திலே வாழும் நாம் ஒடுக்கப்பட்டோரின் மேளத்தை அழகென்று போற்றுவது சுலபம். அதைச் சுமந்தவனுக்கு அது அடிமைச் சீட்டாக இருந்தது. மேளத்தை மறுத்தது ஒரு புரட்சி. அந்தப் புரட்சியின் பெறுமதியை அறியாமல் மேளத்தை மேடையேற்றுவது, சிறையிலிருந்து தப்பியவனின் விலங்கை அருங்காட்சியகத்தில் வைத்துப் பூச்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

இளைஞன் எழுந்து பதில் சொன்னான். நீண்ட பேச்சன்று. “தாத்தாவை அடிக்கச் சொன்னாங்க ஐயா. என்னை யாரும் சொல்லல.”

முதியவர் அவனை நெடுநேரம் பார்த்தார். “சரி தம்பி. நாளைக்கு ஒரு சாவீட்டிலை கூப்பிட்டா என்ன செய்வாய்?”

“கூலி பேசிட்டுப் போவேன் ஐயா. கொங்காவுக்குப் போற மாதிரி. பேசின கூலி தரலன்னா போகமாட்டேன்.”

முதியவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கூட்டத்தன்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார்.

அன்று மாலை நிகழ்ந்ததைக் கூடியவரை உள்ளபடி எழுதுகிறேன். மண்டபம் சிறியது. ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பர். அவனுடைய நண்பன் ஒருவன், சிங்கள இளைஞன், இரண்டு கட்டைகளை எடுத்து அந்த ஐந்தடியைத் தொடங்கினான். இவன் கொங்காவில் ‘மாந்தேக்கா’வின் அடித்தளத்தைப் பிடித்து, சிறிது நேரம் சானோவின் கைவழியிலேயே நின்றான். உள்ளங்கையின் அடிப்பாகம், விரல் நுனி, விளிம்பு, நடு என ஒரே தோலில் நாலு குரல்கள். பிறகு பைலாவின் துள்ளலுக்கு மாறினான். பின் வரிசையில் இருந்த பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கினர். அது தணிந்ததும், வெளியே முற்றத்தில் தென்னஞ்சருகை எரித்துக் காய்ச்சி வைத்திருந்த தப்பை அவன் தம்பி கொண்டுவந்து கொடுத்தான்.

கட்டை அடிப்பவன் நிறுத்தவில்லை. அந்த ஐந்தடியின்மேல் இவன் தாத்தாவின் பிரட்டு அடியை வைத்தான். கிளாவே நாலு நாலாக நடப்பது. தப்படியோ மூன்று மூன்றாக. முதலில் இரண்டும் மோதின. மூன்றாவது சுற்றில், மூன்றும் நான்கும் சந்திக்கும் இடத்தை அவன் கண்டுபிடித்தான். அதன் பிறகு அவை பிரியவில்லை. ஒரு காலத்தில் மனிதரைக் குளிரில் எழுப்பி வரிசையில் நிறுத்திய அடி அது. அன்று அதை அவன் சிறிது சிறிதாக வேகம் கூட்டி, காமன் கூத்தின் அடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். வேலைக்கு அழைத்த மேளம் ஆட்டத்துக்கு அழைத்தது. மண்டபத்தின் ஓரத்தில், தோட்டத்திலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் நின்றிருந்தனர். அவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏனென்று நான் கேட்கவில்லை. அந்த அடி அவளுக்கு என்ன சொன்னதென்று அவளுக்குத் தெரியும்.

சானோவின் பெயரை அவன் இறுதியில் ஒரு முறைதான் உச்சரித்தான். பாட்டனாரின் பெயரை அதற்குப் பின் சொன்னான்.

இத்துடன் முடித்திருந்தால் இது இனிமையான கட்டுரையாயிருக்கும். ஆனால் தை மாதத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் கலியாணம் ஒன்றுக்கு அவனுடைய குழு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அவன் தப்படித்த செய்தி எப்படியோ பெண் வீட்டாரின் காதுக்கு எட்டிவிட்டது. சாவுமேளம் அடிப்பவன் மங்கல காரியத்துக்கு வேண்டாம், வேறொருவனை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குழுவின் தலைவர் வருந்தினாராம், வேறொருவனை அனுப்பினாராம். அன்றைய கூலி அவனுக்கு இல்லை. மாத முடிவில் வீட்டு வாடகையில் அந்தத் தொகை குறைந்தது. அஞ்சலிக்கு அவன் கொடுத்த விலை இது.

இந்த விலையை வைத்தே, கலைக்கு மரியாதை என்று நாம் சொல்வதை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மேளம் மேடையேறியதால் மேளக்காரன் மேடையேறிவிட்டான் என்று நாம் எண்ணுகிறோம். கார்னகி மண்டபம் சானோவின் மேளத்தைக் கைதட்டி வரவேற்றது. அவருடைய உடலிலிருந்த குண்டை அந்தக் கைதட்டல் எடுத்துவிடவில்லை. மிருதங்கத்தை நாம் தெய்வ வாத்தியம் என்கிறோம். அந்த வாத்தியத்துக்குத் தோல் பதனிட்டு வார் பிடித்துக் கொடுக்கும் தலித் தொழிலாளரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்கு முதலில் இணங்கியிருந்த மண்டபம் பின்னர் மறுக்கப்பட்டது. நமது அளவெட்டி தந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975-இல், நாற்பத்திரண்டு வயதளவில் மறைந்தார். அவருடைய கலை பற்றி முழுமையான ஆவணப்படம் ஒன்று வர நாற்பது ஆண்டுகள் சென்றன. அதை 2015-இல் எடுத்தவர் தமிழ்நாட்டுக்காரரான அம்ஷன் குமார். தவிலின் கொடுமுடியைத் தொட்டவருக்கே இந்நிலையென்றால், தப்புக்காரனின் பெயரை யார் எழுதி வைப்பர்?

ஆகவேதான் இளைஞன் தேர்ந்தெடுத்த வழியை நான் சரியென்று கருதுகிறேன். யாழ்ப்பாணத்து முதியவரின் தலைமுறை மேளத்தைக் கீழே வைத்துத் தன் மானத்தை மீட்டது. இவனுடைய தலைமுறை, கூலியும் மானமும் தந்தாலன்றி அடிக்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே மேளத்தை எடுக்கிறது. முன்னவர்கள் கீழே வைக்காதிருந்தால் பின்னவன் தானாக எடுத்திருக்க முடியாது. ஏவலால் அடிப்பதற்கும் விருப்பால் அடிப்பதற்கும் இடையே அவர்கள் சிந்திய இரத்தம் இருக்கிறது. இதை இளைஞன் உணர்ந்திருக்கிறான். சென்ற வாரம் அந்த முதியவரின் வீட்டுக்குச் சென்று, அறுபதுகளின் கதைகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. நமது வீட்டுக் கலியாணங்களிலும் பாடசாலை விழாக்களிலும் மேளமடிக்க வருபவர்கள் மண்டபத்தின் பின்படிக்கட்டில் இருந்து பார்சல் சாப்பாட்டைப் பிரித்துத் தின்கிறார்கள். அவர்களை விருந்தினரோடு மேசையில் அமர்த்துங்கள். பாடகரின் பெயர் அச்சாகும் அழைப்பிதழில் கொங்கா அடிப்பவனின் பெயரும், தவில்காரரின் பெயரும், தப்புக்காரனின் பெயரும் அச்சாகட்டும். பேசிய கூலியை அன்றிரவே கையில் கொடுங்கள். “சாவுமேளக்காரன் வேண்டாம்” என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள். வருகிற வைகாசியில் அவனுடைய குழுவுக்கு வெள்ளவத்தையில் மூன்று கலியாணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் அவனே போக வேண்டும்.